கடை ஐடியிலிருந்து போன கடிதங்கள்

எங்கள் தெருவில் யாருக்குப் பாஸ்போர்ட் வரப்போகிறது என்பது அவர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். பரீட்சையில் யார் தேறினார், யார் கோட்டை விட்டார் என்பதும் அப்படித்தான். நான் ஜோசியன் இல்லை. பெங்களூர் அடுகோடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். விண்ணப்பம் நிரப்ப வருகிறவர்களிடம் "ஈமெயில் ஐடி இருக்கா?" என்று கேட்பேன். "நீங்களே ஏதாச்சும் ஒண்ணு போட்டுக்கங்கண்ணா" என்பார்கள். நான் கடை ஐடியைப் போட்டுவிடுவேன். கேஸ் இணைப்பு, ஓட்டுநர் உரிமம், கோயில் தரிசன டிக்கெட் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே ஐடிதான். ஊர்ப்பட்ட கடிதமெல்லாம் என் பெட்டிக்கு வரும். நான் வாசலில் நின்று உரியவரைக் கூப்பிட்டுச் சொல்வேன். இதை ஒரு பொதுச்சேவை என்று நினைத்து ரொம்பப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமைதான் ஒரு மார்கழியில் என் காலை வாரிவிட்டது.

அதைச் சொல்வதற்கு முன்னால் என் இன்னொரு தொழிலைச் சொல்ல வேண்டும். தொழில் என்றால் வருமானம் இல்லாத தொழில். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வேலைக்கு வருகிறவர்கள் என் கடைக்கு நிறைய வருவார்கள். பஸ்ஸில் எங்கே இறங்குவது என்று கேட்கக்கூட கன்னடம் தெரியாமல் திண்டாடுவார்கள். அவர்களுக்காகத் தமிழில் கன்னடம் சொல்லித்தரும் ஒலிப் பாடங்களை நானே பதிவு செய்து, ஒரு சின்ன இணையதளத்தில் ஏற்றிவந்தேன். ஆட்டோ ஹாரன்கள் கிளம்புவதற்கு முன்னால், காலை ஐந்தரைக்குப் பதிவு. அப்படியும் நாலாவது பாடத்தில் கீரைக்காரரின் "சொப்பூ... சொப்பு!" நடுவில் புகுந்துவிட்டது. கன்னடத்தில் கீரைக்கு சொப்பு என்று பெயர். கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை கூடுதல் லாபம் என்று அதை வெட்டாமல் விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்லிவிட்டு, "இன்னொந்து சல ஹேளி" என்பேன். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று பொருள். என் மனைவி மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்தவள், பள்ளி ஆசிரியை, கன்னடம் தமிழ் இரண்டும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. என் உச்சரிப்பைக் கேட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். நான் சாம்பாரில் உப்பு போதவில்லை என்றால்கூட, "இன்னொந்து சல ஹேளி" என்று பழிப்பாள். சிரித்தாலும் ஒவ்வொரு பாடத்தையும் திருத்திக் கொடுப்பவள் அவள்தான்.

ஓசூர் எல்லையை ஒட்டிய அத்திபெலேயிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். முகம் பார்த்ததில்லை, தளத்தில் போட்டிருந்த கடை எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தாள். தர்மபுரிப் பக்கத்துப் பெண். கணவருக்கு அங்கே கம்பெனி வேலை. இவள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியில், பின்கட்டில் தட்டு கழுவி, பன் அடுக்கும் வேலையில் இருந்தாள்.

"சார், ஏழாம் பாடம் வரைக்கும் கேட்டேன் சார். இப்ப தொறக்க மாட்டேங்குது. இந்தப் பேக்ல இது வராதுன்னு எழுதிக் காட்டுது."

"எந்தப் பேக்கும்மா?"

"ஃப்ரீ நெட்டு சார். காசு போட வேணாம்னு கடைக்காரர் மாத்திக் குடுத்தாரு. மெசேஜ் போவுது, இன்னும் சிலது வருது. உங்க பாடம் மட்டும் வரல."

அவள் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பேக்கரியில் கல்லா மேசைக்கு முன்னால் நின்று விற்கிற பெண்ணுக்குக் கல்யாணம்; யுகாதியோடு நின்றுவிடுவாள். "அதுக்குள்ள கன்னடம் பேசக் கத்துக்கிட்டா உன்னையே முன்னாடி நிக்க வெக்கிறேன்" என்று முதலாளி சொல்லியிருந்தார். பின்கட்டில் அடுப்பு வெக்கையில் அவளுக்கு மூச்சு இரைத்தது. முன்னால் காற்றும் உண்டு, உட்கார ஒரு ஸ்டூலும் உண்டு. "அந்த ஸ்டூலு எனக்கு வேணும் சார்" என்று அவள் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

எனக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கும் என்று தெருவுக்கே தெரியும். அன்று அது மூக்கைத் தாண்டிப் போய்விட்டது. ஏதோ ஒரு கம்பெனி சில தளங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, இதெல்லாம் இலவசம், மற்றதெல்லாம் காசு என்று பிரித்துவைத்திருக்கிறது. இலவச பஸ் விட்டுவிட்டு, அவர்கள் சொன்ன ஸ்டாப்பில் மட்டும்தான் நிற்கும் என்றால் எப்படி? என் பாடம் அந்த ஸ்டாப்பில் இல்லை. அடுகோடியில் கீரைக்காரர் சத்தத்தோடு பாடம் நடத்துகிறவனை எந்தக் கம்பெனி பட்டியலில் சேர்க்கும்?

பக்கத்துக் கடை டூ வீலர் மெக்கானிக் பாய்க்கு இதில் என்ன தப்பென்று புரியவில்லை. "அரே அண்ணா, ஃப்ரீயா குடுக்கிறான், வாங்கிக்க வேண்டியதுதானே? தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கலாமா?"

"பாய், மாடு எந்தப் புல்லு மேயணும், யாருக்குப் பால் குடுக்கணும்னு தானம் குடுத்தவனே சொல்றான். அப்ப பல்ல மட்டுமில்ல, வாலையும் புடிச்சுப் பாக்கணும்."

பாய் சிரித்தாரே தவிர ஒப்புக்கொள்ளவில்லை. நாலைந்து நாள் இந்த வாக்குவாதம் டீயோடு நடந்தது. அதற்குள் செய்தித்தாளில் ஒரு விஷயம் பார்த்தேன். தொலைத்தொடர்புக்கு விதி வகுக்கிற தில்லி ஆணையம், தளத்துக்குத் தளம் வெவ்வேறு கட்டணம் வைக்கலாமா கூடாதா என்று பொதுமக்களிடமே கருத்துக் கேட்டிருந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

விண்ணப்பம் என்றால் என்னை விட்டால் அடுகோடியில் யார் இருக்கிறார்கள்? இணையத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஓர் இங்கிலீஷ் கடிதத்தை எடுத்தேன். கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் விஷயத்தைச் சொல்லிப் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டேன். பாயும் கடைசியில், "சரிண்ணா, நீங்க சொன்னா போடுங்க" என்று பெயர் கொடுத்தார். சர்ச் தெருவோரம் வீட்டிலேயே கேக் செய்து விற்கிற ஆன்ட்டி, கையில் மாவோடு வந்து பெயர் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டே நாளில் நாற்பத்தொரு கடிதம் போட்டுத் தள்ளினேன். வீட்டுக்குப் போய், போரில் ஜெயித்தவன் மாதிரி காபி கேட்டேன்.

மனைவி காபியைக் கொடுத்துக்கொண்டே, "எந்த ஐடிலருந்து அனுப்புனீங்க?" என்றாள்.

"எப்பவும் போல கடை ஐடிதான்."

"நாப்பத்தொண்ணுமா?"

"ஆமா."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். வகுப்பில் கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்க்கிற பார்வை. "ஒரே வாயிலருந்து நாப்பத்தோரு குரல் வந்தா அதுக்குப் பேரு மக்கள் கருத்து இல்லீங்க. மிமிக்ரி."

பாஸ்போர்ட்டுக்கும் கேஸுக்கும் சரிப்பட்டு வந்த வழக்கம் இங்கே சரிப்படாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. தில்லியில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு, அடுகோடியில் ஒருத்தன் நாற்பத்தொரு பெயர் வைத்துக்கொண்டு கத்துகிறான் என்றுதானே படும்?

அவள் அதோடு விடவில்லை. "அவங்க என்ன கேட்டிருக்காங்கன்னு படிச்சீங்களா?" படிக்கவில்லை. இருவரும் சேர்ந்து அந்த ஆவணத்தைத் திறந்தோம். பத்தி பத்தியாக விளக்கம். கடைசியில் நாலே நாலு கேள்வி. நான் அனுப்பிய கடிதம் இணைய சுதந்திரம், ஜனநாயகம் என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்தது. அந்த நாலு கேள்வியில் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. "அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்றாள் மனைவி. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. நாளை மறுநாள் கடைசித் தேதி. அத்திபெலேப் பெண்ணிடம் "எல்லாம் எழுதிப் போட்டாச்சும்மா, கவலப்படாத" என்று வேறு ஜம்பமாகச் சொல்லியிருந்தேன்.

என் நல்ல காலம், மறுநாளே கடைசித் தேதியை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். செய்தியைப் படித்ததும் வெட்கப்படாமல் சொல்கிறேன், கடைக்குள்ளேயே ஒரு குதி குதித்தேன். மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் ரயில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தவர் பயந்து எழுந்துவிட்டார்.

அந்த ஒரு வாரமும் கடை கல்யாண வீடு மாதிரி இருந்தது. கடை ஐடி கிடையாது. ஆளுக்கொரு சொந்த ஐடி. அதற்கு ஆளுக்கொரு கடவுச்சொல். "யாருக்கும் சொல்லாத ரகசியமா ஒண்ணு போடுங்க பாய்" என்றேன். பாய் கடையே அதிர, "என் மொத வண்டி நம்பர் போட்டுக்கங்கண்ணா!" என்று நம்பரையும் சேர்த்துச் சொன்னார். மாற்றச் சொன்னேன். அடுத்து மனைவியின் பெயரைச் சொன்னார், அதுவும் சத்தமாக. மூன்றாவது தடவை என் காதில் வந்து சொல்லப் பார்த்தார். "என்கிட்டயும் சொல்லாதீங்க!" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

மாலையில் பள்ளி விட்டதும் மனைவி வந்துவிடுவாள். நாலு கேள்வியையும் தமிழிலும் கன்னடத்திலும் எளிமையாக எழுதி ஒட்டினாள். அவரவர் மொழியில் அவரவர் வார்த்தையில் பதில் சொல்ல வேண்டும். கீழே அவள் இங்கிலீஷில் சுருக்கம் எழுதிச் சேர்ப்பாள். யாருக்கும் எதையும் எடுத்துக்கொடுக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. வாயைக் கட்டிப்போட்டுக்கொண்டு உட்கார்வது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஆனால் உட்கார்ந்ததால்தான் ஒன்று புரிந்தது. இவ்வளவு நாளும் இவர்களுக்குப் பதிலாக நானே பேசிப் பேசி, இவர்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்டதே இல்லை. கேக் ஆன்ட்டி எழுதினார்: "என் கேக் படங்களை நானே தளம் போட்டு ஏற்றுகிறேன். பெரிய கடையின் படம் சும்மா திறந்து, என் படத்துக்கு மட்டும் காசு கேட்டால், ருசி பார்க்காமலே என்னைத் தோற்கடித்துவிடுவீர்கள்." நாலைந்து நாள் என்னோடு மல்லுக்கட்டிய பாய் எழுதியது இது: "ரோடு போட்டவர், தன் ஷோரூமில் வாங்கிய வண்டிக்கு மட்டும் ரோடு ஃப்ரீ என்று சொல்லக் கூடாது. சொன்னால் மற்ற வண்டியெல்லாம் என் கடைக்கு எப்படி வரும்?" நான் பக்கம் பக்கமாகப் பேசியும் சொல்ல முடியாததை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

எல்லோரும் திரும்பி வந்துவிடவில்லை. "அதான் ஒரு தடவ பேரு குடுத்தாச்சே" என்று சிலர் கையை விரித்துவிட்டார்கள். எண்ணிப் பார்த்தால் இருபத்தைந்து. நாற்பத்தொன்று எங்கே, இருபத்தைந்து எங்கே என்று நான் முகத்தைத் தொங்கப்போட்டேன். மனைவி பின்னாலிருந்து, "இன்னொந்து சல ஹேளின்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறீங்க. உங்களுக்கே இன்னொரு தடவ செய்யணும்னா வலிக்குதா?" என்றாள்.

இருபத்தாறாவது கடிதத்துக்காக அத்திபெலேக்குப் போன் போட்டேன். விஷயத்தை விளக்கினேன். அந்தப் பெண் சட்டென்று கேட்டாள்: "அப்ப ஃப்ரீயா வந்துட்டிருக்கறதையும் நிறுத்திடுவாங்களா சார்? அதுலதான் எங்கம்மாவுக்கு மெசேஜ் அனுப்பறேன்."

நிறுத்தலாம் என்பதுதான் உண்மை. என் பாடத்துக்காக அவள் அம்மாவின் செய்தியை நான் எப்படிப் பணயம் வைப்பது? போனை மனைவியிடம் கொடுத்தேன். அவள் பூசி மெழுகவில்லை. "நிறுத்துனாலும் நிறுத்துவாங்கம்மா. நீ வேணும்னு எழுதுனாலும் சரி, வேணாம்னு எழுதுனாலும் சரி. ஆனா நீ எழுது. உன்னப் பத்தித்தான் ரெண்டு பக்கமும் பேசறாங்க. நீ மட்டும் பேசாம இருந்தா நல்லாவா இருக்கு?"

இரண்டு நாள் சத்தமே இல்லை. கடைசி நாள் மதியம், பேக்கரிக்குப் பக்கத்துக் கடையில் சொந்தமாக ஐடி திறந்து, தமிழிலேயே எழுதி அனுப்பிவிட்டு எனக்கும் ஒரு பிரதி போட்டிருந்தாள். எழுத்துப் பிழைகள் இருந்தன. ஒன்றையும் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

"எனக்கு எது இலவசமாக வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மாவுக்கு அனுப்பும் மெசேஜும் கன்னடப் பாடமும் என்று சொல்லியிருப்பேன். கொஞ்சமாகக் கொடுத்தாலும் பரவாயில்லை. அந்தக் கொஞ்சத்தில் எதைத் திறப்பது என்று நான் முடிவு செய்கிறேன்."

அதைச் சத்தமாகப் படித்தேன். கடையில் இருந்த பாய் "வாஹ்!" என்றார். மனைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நானும் அழுதேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

ஒரு மாதத்துக்கெல்லாம் உத்தரவு வந்தது. தளத்துக்குத் தளம் கட்டணம் மாற்றக் கூடாது. டீக்கடையில் செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு நான் செய்த ஆர்ப்பாட்டத்தில் இரண்டு டீ கொட்டியது. எங்கள் இருபத்தாறு கடிதத்தால்தான் இது நடந்தது என்று சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நாடு முழுக்க லட்சக்கணக்கில் எழுதியிருந்தார்கள். அந்த லட்சத்தில் எங்கள் இருபத்தாறு, மிமிக்ரி இல்லாத இருபத்தாறு. எனக்கு அது போதும்.

அத்திபெலேப் பெண் பயந்தபடியே அந்த இலவசப் பேக் நின்றுதான் போனது. ஆனால் கொஞ்ச நாளில் வேறொரு சின்னப் பேக் வந்தது. கொஞ்சமே கொஞ்சம் டேட்டா, எல்லாத் தளமும் திறக்கும். ஒரு வரி மெசேஜ் அனுப்பினாள்: "அம்மாவுக்கும் போகுது சார். எட்டாம் பாடமும் வருது." அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. யுகாதி வந்து போனது. அந்த ஸ்டூல் கிடைத்ததா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. கிடைக்கவில்லை என்றால் என்ன சொல்வது?

இப்போதும் ஆணையம் ஏதாவது கருத்துக் கேட்டால் அந்தக் கேள்விகளை அச்செடுத்துக் கடை வாசலில் ஒட்டுகிறேன். கடைசித் தேதி சிவப்பு மையில். பக்கத்தில் மனைவி கையெழுத்தில் ஓர் அட்டை: "முதலில் கேள்வியைப் படியுங்கள். சொந்த ஐடி. சொந்த வார்த்தை." இணையத்தைப் பற்றிய வாதம் முடிந்த பாடில்லை, வருஷத்துக்கு ஒரு புது வேஷத்தில் வருகிறது. சிலர் நின்று படிக்கிறார்கள். சிலர் அட்டை மேலேயே சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் போகிறார்கள்.

அந்த யுகாதி முடிந்து சில வாரங்கள் கழித்து, ஓசூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, மனைவி அத்திபெலேயில் இறங்கலாம் என்றாள். "காரா பன் சாப்பிடணும் போலிருக்கு" என்றாள். அவளுக்குக் காரமே ஆகாது. புரிந்துகொண்டு இறங்கினேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு பேக்கரி இருந்தது. முதலாவதில் கல்லாவில் ஒரு பெரியவர் இருந்தார். இரண்டாவதில் முன்னால் நல்ல கூட்டம். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், ஒரு ஸ்டூலில், முப்பது வயதுப் பெண் ஒருத்தி தினத்துக்கும் பார்க்கிற வேலை மாதிரி, "ஏனு பேக்கு சார்? அம்மா, நிமகே?" என்று ஆளுக்கு ஆள் வேண்டியதைக் கேட்டுக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள்தானா என்று எனக்கு எப்படித் தெரியும்? முகம் பார்த்ததே இல்லையே. மனைவி என் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள்.

என் முறை வந்தது. "ஏனு பேக்கு சார்?" என்று என்னைப் பார்க்காமலே கேட்டாள். கடையில் இரண்டு பன் கேட்கிற, என் ஒன்பதாம் பாடத்தின் முதல் வாக்கியம்தான் வாயில் வந்தது.

"எரடு காரா பன் கொடி."

அவள் கை காகிதத்தின் மேலேயே நின்றுவிட்டது. மெல்ல நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் நின்றவர் "பேக கொடம்மா" என்று அவசரப்படுத்தினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, கொஞ்சம் எட்டிக் காதைக் கொடுத்தாள்.

"இன்னொந்து சல ஹேளி, சார்."

நான் இன்னொரு தடவை சொன்னேன்.